செவலைக்குப் பேச்சு ஆகாது

செவலை மீன் பிடிக்கப் போனால் பேசக்கூடாது. அந்த மீனை நான் இத்தனை வருடங்களாக விடாமல் தேடிப் போனதற்கு அதுவே பாதிக் காரணம்.

முழங்கால் அளவு உப்புத் தண்ணீர், அடியில் கறுப்புச் சேறு, சுற்றிலும் கோரை. தாமிர நிற முதுகும் வாலடியில் ஒரு கறுப்புப் பொட்டுமாக அது மேய்ந்துகொண்டிருக்கும். படகுக்குள் ஒரு டப்பா மூடி விழுந்தால் போதும், சேற்றைக் கலக்கிவிட்டு ஓடிவிடும். அதனால் மோட்டாரை அணைத்துவிட்டு, ஒருவர் பின்னால் சின்ன மேடைமேல் ஏறி நின்று நீளக் கோலால் படகைத் தள்ளுவார். இன்னொருவர் முன்னால் தூண்டிலோடு நிற்பார். உயரத்தில் இருப்பவருக்குத்தான் மீன் முதலில் தெரியும். படகின் மூக்கு பன்னிரண்டு மணி. "பத்து மணி, நாப்பது அடி, எடது பக்கமா போகுது" என்று அவர் கிசுகிசுத்தால் முன்னால் நிற்பவர் அங்கே வீசுவார். இரண்டு மனிதர்களுக்கு நடுவே இவ்வளவு பேச்சு போதும் என்பது என் கட்சி. என் மனைவி லூசில் கண்ணை மூடிய பிறகு அந்தக் கட்சியில் நான் ஒருவன்தான் இருந்தேன்.

எர்லின் எதிர்க்கட்சி. கழிமுகத்தில் இரைக்கடை வைத்திருக்கிறாள். வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் தொட்டியில் நீந்தும் உயிர் இராலோடு பேசுவாள். நானும் அவளும் ஒரே பள்ளிக்கூடம். அப்போதே வகுப்புக்கு வெளியே நிற்க வைக்கப்பட்டவள் அவள். அவள் கணவன் செத்துப்போய் ரொம்ப நாளாகிவிட்டது. போன வருடப் புயல் அவள் வீட்டுக் கூரையில் பாதியைக் கொண்டுபோனது. படகைத் தூக்கிப்போய் ஒரு கரும்புத் தோட்டத்தில் கவிழ்த்துப் போட்டது. அதைப் பார்த்துவிட்டு வந்த அன்று என்னிடம் கேட்டாள்.

"உன் படகுல முன்னாடி எடம் சும்மாதானே கெடக்கு?"

நான் தலையாட்டினேன். என் வாழ்க்கையில் நான் ஆற்றிய சிறந்த சொற்பொழிவு அந்தத் தலையாட்டல்தான்.

செவலைக் குட்டைக்குள் நுழைந்ததும் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு முங்குகிறவள்போல வாயை மூடிக்கொள்வாள். திரும்பும்போது மோட்டார் ஓடத் தொடங்கியதும் அதுவரை சேர்த்து வைத்ததெல்லாம் வெளியே வரும். சத்தத்தில் எனக்குப் பாதிதான் கேட்கும். கேட்காத பாதியை வீட்டுக்குப் போய் நானே யோசித்து நிரப்பிக்கொள்வேன். மாலைகள் அப்படி நன்றாகப் போயின.

ஒரே ஒரு விஷயத்தில் அவள் குட்டையிலும் வாயைத் திறந்துவிடுவாள். இங்கே செவலைக்குச் சட்டத்தில் ஒரு அளவு உண்டு. சிறிதானாலும் விடவேண்டும், மிகப் பெரிதானாலும் விடவேண்டும். பெரியது மாட்டினால் அவளுக்குத் தாங்காது.

"பாரு, கொழுத்துப்போய் இருக்கான். சட்டம் போட்டவன் ஒரு நாளாச்சும் தக்காளி போட்டு இவனைக் கொழம்பு வெச்சுத் தின்னிருப்பானா?" என்று கேட்டுவிட்டு, வாலைப் பிடித்துத் தண்ணீரில் ஆட்டி, மூச்சு வந்ததும் விடுவாள். "போடா தடியா. உனக்கு யோகம்."

அவளுடைய தம்பி டட்லிக்கு ஒரு காற்றாடிப் படகு உண்டு. பின்னால் ஆளுயர விசிறி வைத்தது, சேற்றின்மேலும் ஓடும், ஊரையே எழுப்பும். அவன் என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஆரம்பிப்பான்.

"அண்ணே, எங்கக்கா வாயை மணிக்கணக்குல மூடி வெக்கிறீங்களாமே. எங்கப்பாவால முடியல. பள்ளிக்கூடத்துல முடியல. பாதிரியாராலயே முடியல. அந்த மந்திரத்தை எனக்கும் கொஞ்சம் சொல்லிக் குடுங்க."

"மந்திரம் இல்ல, மீன்" என்பேன்.

வசந்தத்தில் ஒரு காலை. நான் இரால் வாங்கப் போயிருந்தேன். டட்லி கல்லாவில் சாய்ந்துகொண்டு காப்பி குடித்துக்கொண்டிருந்தான். எர்லின் சின்ன வலையால் தொட்டியில் அள்ளிக்கொண்டே சொன்னாள்.

"மொனிக் லாஃபயெட்ல எனக்கு ரூம் ரெடி பண்ணிட்டாளாம். பெயின்ட் கூட அடிச்சாச்சு. கிறிஸ்துமஸுக்குள்ள கடையை வித்துட்டு வந்துரும்மாங்கறா. அடுத்த புயலுக்கு மிச்சக் கூரையும் போயிரும், அங்க யாருக்காக உக்காந்திருக்கேங்கறா."

மொனிக் அவளுடைய ஒரே மகள். லாஃபயெட் கடலைவிட்டுத் தள்ளி உள்ளே இருக்கும் நகரம்.

"நீ என்னக்கா சொன்னே?"

"இருன்னு சொல்ல ஒரு ஆள் இருந்தா இருப்பேன்னு சொன்னேன்."

"இதோ நான் சொல்றேன். இரு."

"நீ சொன்னா செல்லாது. உனக்கு ஞாயித்துக்கெழம சாப்பாட்டுக் கவலை."

டட்லி என்னைப் பார்த்தான். நான் மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்தேன். எர்லின் வழக்கத்தைவிட இரண்டு கை அதிகமாக இராலை என் வாளியில் போட்டாள். கிறிஸ்துமஸ் ரொம்பத் தொலைவில் இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு படகேறினேன்.

சொல்லவேண்டியது ஒரே சொல். இரு. இரண்டே எழுத்து.

வசந்தத்தில் புள்ளிமீன்கள் விரிகுடாவின் சிப்பித் திட்டுகளுக்கு வரும். தக்கையைச் சுண்டி டொப் டொப்பென்று சத்தம் எழுப்பித்தான் அவற்றைக் கூப்பிட வேண்டும். அங்கே தாராளமாகப் பேசலாம். ஆனால் தெற்குக் காற்று விடாமல் அடித்தது. நான் வாயைத் திறந்தபோது தொப்பி பறந்தது. தொப்பியைத் துரத்திப் பிடித்துக்கொண்டு வந்தபோது சொல் போயிருந்தது.

கோடையில் புள்ளிமீனைத் தொடர்ந்து வெளித்தீவின் மணல்கரைக்குப் போனோம். விடியும் நேரம், இடுப்பளவு தண்ணீர், அலை கண்ணாடி மாதிரி. பக்கத்தில் அவள். இதைவிட நல்ல இடம் எந்த மனிதனுக்கும் கிடைக்காது.

"எர்லின்."

"ம்?"

மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டேன். "காலை இழுத்து இழுத்து நட. திருக்கை கெடக்கும்."

அவள் திரும்பி என்னை ரொம்ப நேரம் பார்த்தாள். "பொறந்ததுலேர்ந்து இந்தத் தண்ணியில நிக்கிறேன். இதைச் சொல்லவா இவ்ளோ மூச்சு இழுத்தே?"

இலையுதிர்காலத்தில் இரால் சதுப்பைவிட்டு வெளியே இறங்க, புள்ளிமீன் அதைக் கீழிருந்து துரத்த, கடற்காகங்கள் மேலிருந்து கூச்சலோடு பாயும். பறவையைப் பார்த்துப் படகை விடுவது எங்கள் வழக்கம். ஆனால் ஆலாக்கள் இருக்கின்றனவே, வெள்ளையாக, ஒல்லியாக, அவற்றைப் பொய்க்காரப் பறவை என்போம். ஒன்றுமே இல்லாத இடத்திலும் பாய்ந்து பாய்ந்து காட்டும். அப்படி ஒரு நாள் விரிகுடா நடுவே மோட்டாரை அணைத்துவிட்டு, "எர்லின், கிறிஸ்துமஸுக்கு நீ" என்பதுவரை வந்துவிட்டேன். தூரத்தில் பறவைகள் பாய்ந்தன. அடுத்த நொடி மோட்டாரை முடுக்கிவிட்டேன்.

போய்ச் சேர்ந்தால் நாலு ஆலா. கீழே ஒரு குஞ்சு மீன் இல்லை.

"ஆலாவுக்கும் காகத்துக்கும் வித்தியாசம் தெரியாதவனா நீ?" என்றாள் எர்லின். "கிறிஸ்துமஸுக்கு நான் என்ன?"

"மறந்துட்டேன்."

"ஆலாவே பரவாயில்ல" என்றாள்.

நவம்பர் முதல் தேதி, சகல புனிதர்களின் திருநாளுக்கு, எல்லாரையும்போல நாங்களும் கல்லறைகளுக்கு வெள்ளையடித்தோம். அவள் கணவனுடையதற்கும் லூசிலுடையதற்கும் இடையே நாலைந்து கல்லறைகள்தான். தன் வேலை முடிந்ததும் அவள் தூரிகையோடு வந்து, கேட்காமலேயே, லூசிலின் கல்லறைக்கு மறுபக்கம் அடிக்கத் தொடங்கினாள். நான் லூசிலிடம் மனதுக்குள் விஷயத்தைச் சொன்னேன். அவள் பக்கமிருந்து மறுப்பு எதுவும் வரவில்லை. உயிரோடு இருந்தபோது என் யோசனைகளை அவள் இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொண்டதில்லை.

டிசம்பர் வந்தது. கடை வாசலில் விற்பனைக்கு என்று பலகை தொங்கியது. இரவெல்லாம் வாடைக்காற்று அடித்து, வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்த ஒரு காலையில் கிளம்பினோம்.

"ஆழக் கால்வாய்க்குப் போவோம்" என்றாள் எர்லின், கோட்டுக்குள் கழுத்தை இழுத்துக்கொண்டு. "இந்தக் குளிருக்குப் புள்ளிமீனெல்லாம் அடியில ஒதுங்கியிருக்கும். ஃபிளாஸ்க்ல காப்பி இருக்கு. உக்காந்து நாலு வார்த்தை பேசலாம்."

நாலு வார்த்தை பேசலாம் என்றதும் படகைக் குட்டைகளின் பக்கம் திருப்பினேன்.

வாடைக்காற்று சதுப்புத் தண்ணீரைக் கடலுக்குத் தள்ளிவிடும் என்பது இங்கே கைக்குழந்தைக்கும் தெரியும். அப்படிப்பட்ட நாளில் குட்டைக்குள் நுழைகிறவன் தண்ணீர்மேல் ஒரு கண் வைத்திருக்க வேண்டும். நான் மேடையில் நின்று கோலைத் தள்ளிக்கொண்டே, அந்த ஒரு சொல்லை உள்ளுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரு. இருந்துடு. இங்கயே இருந்தா என்ன. எது நன்றாக இருக்கிறது என்று தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தபோது படகு ஒரு பெருமூச்சு விட்டு நின்றது.

கோலை ஊன்றினேன். கோல் சேற்றில் நின்றது. படகு நகரவில்லை. சுற்றிலும் பார்த்தேன். குட்டை இருந்த இடத்தில் பளபளவென்று சேறு, அதன்மேல் நடந்துபோகும் இரண்டு கொக்கு.

எர்லின் மெதுவாகத் திரும்பினாள். "குளோவிஸ்."

"ம்."

"தண்ணி எங்கய்யா?"

"போயிருச்சு."

தம்பிக்கு போன் போட்டாள். ஸ்பீக்கரில் அவன் சிரித்து முடிக்கக் காத்திருக்க வேண்டியிருந்தது.

"அண்ணனா? குளோவிஸ் அண்ணனா சேத்துல மாட்டினாரு? அக்கா, ஒரு போட்டோ எடு, சர்ச்சுல ஒட்டலாம்."

"வர்றியா இல்லியாடா?"

"கம்போ கொழம்பு அடுப்புல இருக்கு. மாவு இப்பதான் செவக்குது, விட்டுட்டு வந்தா கருகிரும். இறக்கிட்டு வர்றேன்."

"கூடப்பொறந்தவ குளிர்ல சாகறேன்!"

"அதான் அண்ணன் இருக்காருல்ல, பேசிட்டு இருங்க" என்று வைத்துவிட்டான்.

எர்லின் பேசினாள். டட்லியைப் பற்றி, அவன் கம்போவில் மிளகாய் போதாததைப் பற்றி, மொனிக் வீட்டுத் தெருவில் தண்ணீரே கண்ணில் படாததைப் பற்றி. இன்று மோட்டார் சத்தம் இல்லை. எல்லாமே கேட்டது. அப்புறம், என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"சனிக்கெழம கடையைப் பாக்க ஆள் வருது. என்ன சொல்லட்டும்?"

நான் கோலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் கொஞ்சம் காத்திருந்தாள். பிறகு முன்னால் திரும்பி உட்கார்ந்து, பேச்சை நிறுத்திக்கொண்டாள்.

எனக்கு மௌனம் பழக்கம். எத்தனையோ வகை மௌனம் தெரியும். ஆனால் எர்லினுடைய மௌனத்தை மீன் இல்லாத இடத்தில் நான் கேட்டதில்லை. தோள்களைக் குறுக்கிக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்ததைப் பார்க்க, அவள் ஏற்கெனவே லாஃபயெட்டில் ஒரு புதுப் பெயின்ட் அறையில் உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது. என் கட்சி இவ்வளவு மோசமான கட்சி என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

எனக்கு ஒரு பேச்சுத்தான் பழக்கம். அதையே கிசுகிசுத்தேன்.

"எர்லின். ஆறு மணி."

அவள் உடம்பு தானாக நிமிர்ந்தது. கை தூண்டிலுக்குப் போனது. பிறகுதான் உறைத்தது. "தண்ணியே இல்ல. என்ன மீனு?"

"ஆறு மணி. பத்தடி."

படகுக்குள் பின்பக்கம் பத்தடியில் நான்தான் நின்றேன். அவள் திரும்பவில்லை. ஆனால் குரல் மாறியிருந்தது, குட்டைக்குள் பேசும் குரலாக.

"எந்தப் பக்கமா போகுது?"

"எங்கயும் போகல. அங்கயே நிக்குது."

"ரொம்ப நேரமா?"

"போன குளிர்காலத்துலேர்ந்து. நீ முன்னாடி ஏறி நின்னதுலேர்ந்து." மூச்சு வாங்கியது. ஒரே தடவையில் நான் இவ்வளவு பேசியதில்லை. ஆனாலும் மிச்சம் இருந்தது. "நீ லாஃபயெட் போக வேணாம், எர்லின். இரு. என்கூட இரு."

கொக்கு இரண்டும் நின்று பார்த்தன. எர்லின் எழுந்தாள், திரும்பினாள், தூண்டிலைப் பின்னுக்கு வாங்கி வீசினாள். தங்கநிறக் கரண்டி வடிவத் தகட்டு இரை வெயிலில் மின்னிக்கொண்டு வந்து என் கோட்டுக் கையில் பதிந்தது. அவள் ரீலைச் சுற்றினாள்.

"எறங்கி வாய்யா" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். "ஒரு வருஷம். ஒரு வருஷமா இரையைப் போட்டுட்டு நிக்கிறேன். இப்படி மந்தமா கடிக்கிற மீனை நான் பாத்ததே இல்ல."

"மொனிக்கிட்ட என்ன சொல்லுவே?"

"ரூமுல தையல் மெஷினைப் போட்டுக்கச் சொல்லுவேன்."

காப்பியை ஒரே மூடியில் மாற்றி மாற்றிக் குடித்து முடித்தபோது, கோரைக்கு அப்பால் இடிமுழக்கம் கேட்டது. டட்லி சேற்றை வாரி இறைத்துக்கொண்டு வந்து விசிறியை அணைத்தான். மடியில் ஒரு கம்போ பாத்திரம். தூண்டில் நரம்பு தன் அக்காள் கையிலிருந்து புறப்பட்டு என் கோட்டில் போய் முடிவதைப் பார்த்தான். இரண்டு தடவை பார்த்தான்.

"என்னக்கா, ஏதோ மாட்டியிருக்கு போல?"

"ஆமா. மாட்டிருச்சு."

டட்லி தொப்பியைக் கழற்றினான். "மச்சான்!" என்றான் என்னிடம். இத்தனை நாள் அண்ணே என்ற அதே வாய். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினான். "ஆனா அக்கா, அளவுக்கு மேல பெருசா இருக்கே. சட்டப்படி தண்ணியில விட்டுரணும்."

எர்லின் நரம்பைக் கையில் இன்னொரு சுற்று சுற்றிக்கொண்டாள்.

"தண்ணி எங்கடா இருக்கு?"