பெருவெட்டும் சிறுவெட்டும்

"நாளைக்குப் பதினோரு மணிக்கு லாரி வரும். மூணு மிஷினையும் ஏத்தி விட்டுருவோம்," என்றான் ரெங்கராஜ்.

"லாரிக்கு யாரு சொன்னது?" என்றாள் புவனேஸ்வரி.

"நாந்தான். வாங்குன பதினஞ்சு நாளைக்குள்ளதான் கம்பெனியில திருப்பி எடுத்துக்குவாங்க. நாளையோட கெடு முடியுது."

ஆதனக்கோட்டையில் அண்ணனும் தங்கையுமாக நடத்தும் முந்திரிக் கொட்டகை அது. கொட்டையை அவித்து, ஆறவைத்து, ஓடு உடைத்துப் பருப்பெடுத்து அனுப்புவது தொழில். முப்பது பெண்கள் உட்கார்ந்து கையால் உடைத்த இடத்தில் இப்போது ஒன்பது பேர். ஓட்டிலிருந்து வடியும் பால் பட்டுக் கை பொத்துப்போகிற வேலைக்கு எந்தப் பெண் வருவாள்? பஸ் ஏறினால் திருச்சியில் நிழலில் நிற்கிற வேலை கிடைக்கிறது. இந்த இயந்திரங்கள் கைகொடுக்காவிட்டால் அடுத்த வருஷம் கொட்டகையைப் பூட்ட வேண்டியதுதான். அதை மாசக்கணக்கில் சொல்லிச் சொல்லித்தான் புவனேஸ்வரி அண்ணனைச் சம்மதிக்க வைத்திருந்தாள்.

"நூத்துக்கு நாப்பது உடைசல். கையில உடைச்சா பத்தைத் தாண்டாது. இது மிஷினா, ஆட்டுக்கல்லா?" என்றான் ரெங்கராஜ்.

"தஞ்சாவூர்ல இதே மிஷின் ஓடுனத ரெண்டு பேருந்தானே பாத்தோம்?"

"அது தஞ்சாவூரு."

"முந்திரிக்கு ஊர் தெரியுமாண்ணே?"

ரெங்கராஜ் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவள் இயந்திரக் கம்பெனி ஆள் பிராங்க்ளினுக்குப் போன் போட்டாள்.

"கொட்டை ஒரே சைஸா வந்தா பிளேடு அளவா வெட்டும் மேடம். கலந்து வந்தா பெருச நசுக்கும், சிறுச விட்டுரும். சல்லடை போடுறீங்கல்ல?"

"தினம் சாயங்காலம் நானே நின்னு போடுறேன் தம்பி. பெருவெட்டு, நடுவெட்டு, சிறுவெட்டுன்னு தனித்தனிச் சாக்கு."

"அப்ப சாக்குலேருந்து மிஷின் வரைக்கும் கூடவே போய்ப் பாருங்க. நடுவுல என்னமோ நடக்குது."

மறுநாள் அவள் ஒன்பது மணிக்கு வருகிறவள் ஏழு மணிக்கே வந்துவிட்டாள். உள்ளே அழகம்மாள் தனியாக இருந்தாள். இருபது வருஷமாக உடைக்கிற பெண்களுக்குக் கொட்டையைப் பங்கு வைத்துக் கொடுக்கிறவள். நேற்றுப் பிரித்து வைத்த சாக்குகளையெல்லாம் சிமெண்டுத் தரையில் கொட்டி, மண்வெட்டியால் புரட்டிப் புரட்டிக் கலந்துகொண்டிருந்தாள்.

"என்னக்கா பண்றீங்க?"

"பாத்தா தெரியல? கலக்குறேன்."

"நான் பிரிச்சு வச்சத ஏன் கலக்குறீங்க?"

அழகம்மாள் மண்வெட்டியை நிறுத்தவில்லை. "நீ பிரிச்சு வச்சுட்டு வீட்டுக்குப் போயிர்ற. காலையில வந்து நிக்கிறவளுகளுக்குப் பதில் சொல்றது யாரு? கூலி பருப்பு எடைக்கு. பெருவெட்டு எடுத்தவ மதியத்துக்குள்ள கூலியத் தேத்திருவா. சிறுவெட்டு வாங்குனவ பொழுதுக்கும் குனிஞ்சாலும் பாதிதான். எல்லாருக்கும் ஒரே மாதிரி கலந்து குடு அழகம்மான்னு ஒங்கப்பாதான் சொல்லி வச்சாரு. அன்னையிலேருந்து ஒரு சண்டை வந்துருக்கா இங்கிட்டு?"

"அது கையில உடைச்சப்ப. இப்பத்தான் மிஷின் வந்துருச்சே."

"மிஷின் வந்துச்சு ஆத்தா. கூலி மாறுச்சா?"

புவனேஸ்வரி காலிச் சாக்கின் மேல் உட்கார்ந்தாள். பெல்ட்டைச் சந்தேகப்பட்டாள், பிளேடைச் சந்தேகப்பட்டாள், கரண்டையும் விடவில்லை. இந்தக் கூலியைப் பற்றி ஒரு நாள்கூட நினைக்கவில்லை.

"ஏங்க்கா எங்கிட்ட சொல்லல?"

"நீ எங்க கேட்ட? எந்நேரமும் காதுல போன வச்சுக்கிட்டு அந்தத் தம்பிகிட்டல்ல கேட்டுக்கிட்டிருந்த."

புவனேஸ்வரி எழுந்து சல்லடையை இழுத்துப் போட்டாள். இரண்டு பேருமாகக் கலந்ததை மறுபடி பிரித்தார்கள். பெண்கள் வந்து சேர்ந்ததும் புவனேஸ்வரி சொன்னாள்: "இன்னையிலேருந்து மூணு மிஷின் பருப்பையும் ஒண்ணாச் சேத்துத்தான் எடை. வர்ற கூலி ஒம்போது பேருக்கும் சமம். வாரத்துக்கு ஒருக்க மிஷின் மாத்திக்கலாம்."

"கதை பேசிக்கிட்டு உக்காந்திருக்கவளுக்கும் அதே கூலியா?" என்றது ஒரு குரல்.

"மிஷினுக்கு மூணு பேரு. கூட இருக்க ரெண்டு பேரு ஒன்னையப் பேச விட்டுருவாங்களா?"

பெண்கள் சிரித்தார்கள். கேட்டவளும் சிரித்துவிட்டாள்.

"மொத மாசம் யாருக்காவது பழச விடக் கொறஞ்சா மிச்சத்த நான் போட்டுத் தாரேன்."

அப்போதுதான் உள்ளே வந்த ரெங்கராஜ், "யாரக் கேட்டு இதெல்லாம்?" என்றான்.

"இப்பக் கேக்குறேண்ணே. பதினோரு மணி வரைக்கும் பொறுங்க. அப்பவும் இதே மாதிரி உடைஞ்சா நானே ஒரு கை பிடிச்சு லாரியில ஏத்தி விடுறேன்."

பெருவெட்டு ஒரு இயந்திரத்திலும், நடுவெட்டு அடுத்ததிலும், சிறுவெட்டு கடைசியிலுமாக ஓடத் தொடங்கின. லாரி அரை மணி நேரம் முன்னாலேயே வந்து வாசலை அடைத்து நின்றது. ரெங்கராஜ் மூன்று இயந்திரத்திலிருந்துமாக முறத்தில் நூறு பருப்பை அள்ளி, ஒவ்வொன்றாகத் தள்ளி எண்ணினான்.

"பதினாறு உடைசல்," என்றான். "கைக்கு இன்னும் எட்டல."

"சிறுவெட்டு மிஷின்லதான் முக்காவாசி," என்றாள் அழகம்மாள். "அந்தப் பிளேடு தள்ளி நிக்குது. அந்தத் தம்பிய வரச் சொல்லு, நான் காட்டித் தாரேன்."

ரெங்கராஜ் இன்னொரு நூறை எண்ணினான். பதினைந்து. முறத்தை வைத்துவிட்டு வெளியே போனான். லாரி பின்வாங்குகிற சத்தம் கேட்டது. ஆனாலும் புவனேஸ்வரி வாசல்வரை போய்ப் பார்த்தாள்.

"என்னண்ணே சொன்னீங்க?"

"ஏத்துறதுக்கு ஒண்ணும் இல்லன்னு சொன்னேன்." அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "அந்தச் சிறுவெட்டப் பாரு மொதல்ல. பத்துக்குக் கொண்டாராம நான் விடமாட்டேன்."

புவனேஸ்வரி பிராங்க்ளினுக்குப் போன் போட்டுக்கொண்டே உள்ளே நடந்தாள்.