மூன்றாம் ஓலை

எண்பத்தேழு செப்டம்பர். இடஒதுக்கீடு கேட்டு மறியல். ரோடெல்லாம் மரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். கள்ளக்குறிச்சியிலிருந்து போதகர் வர வழியில்லாததால் வடக்கனந்தல் சபையில் என் கல்யாணத்தின் மூன்றாம் ஓலையை உபதேசியாரே வாசித்தார். மூன்று ஞாயிறு வாசித்து, தடை சொல்ல யாராவது உண்டா என்று கேட்பது எங்கள் வழக்கம். முதல் இரண்டு ஞாயிறும் ஒருவரும் மூச்சுவிடவில்லை.

"வடக்கனந்தல் பாப்பாத்தி, விதவை. வெள்ளிமலை ராசு..." விதவை என்பதை மட்டும் எதற்கு அவ்வளவு சத்தமாகச் சொல்ல வேண்டும்? ராசு ஜீப் ஓட்டுகிறவர். வண்டி வர முடியாமல் மலையிலிருந்து நடந்தே இறங்கி வந்து, ஆண்கள் பக்கம் காலைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பார்த்ததும் எனக்கு மனசு நிறைந்துபோயிற்று.

"நா தடை சொல்றேன்," என்று எழுந்தாள் என் மாமியார் கொளஞ்சியம்மாள், செத்துப்போன என் புருஷனைப் பெற்றவள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆறு வருஷமாக ஒரே அடுப்பில் சமைத்துத் தின்கிறோம்; வீட்டில் சொல்ல வாயில்லையா?

"எம் புள்ள அம்மாசி அங்க பரலோகத்துல இவளுக்காவ காத்துக்கினு இருப்பான். உயிர்த்தெழுந்து வந்து எம் பொண்டாட்டி எங்கன்னு கேட்டா நா இன்னா சொல்றது? ரெண்டு பேர்ல இவ யாருக்குப் பொண்டாட்டி?"

உபதேசியார் வேதத்தைப் புரட்டினார். இதையே இயேசுவிடம் கேட்டவர்கள் உண்டாம். ஏழு அண்ணன் தம்பிகளை ஒருவர் சாக அடுத்தவராகக் கட்டிய ஒரு பெண்ணைச் சொல்லிக் கேட்டார்களாம்.

"அங்க கட்டிக்கறதும் இல்ல, கட்டிக்குடுக்கறதும் இல்ல. எல்லாரும் தேவதூதருங்க மாதிரின்னு ஆண்டவர் சொல்லிட்டாரும்மா."

"தேவதூதருங்கள்ல ஆம்பள பொம்பள உண்டா?"

அவர் தலையைச் சொறிந்தார். "அதப்பத்தி எழுதலம்மா."

"அப்ப சோறு யாரு ஆக்குவா?" என்றது பெண்கள் பக்கம் ஒரு குரல். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், உடனே அழுகை வந்தது. அம்மாசிக்கு என்னை அடையாளமே தெரியாமல் போய்விடுமா? வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

"தெரியாமப் போவும்னு எங்கியும் எழுதல," என்றார் உபதேசியார். அது போதும் எனக்கு.

மாமியார் இன்னும் நின்றுகொண்டிருந்தாள். "அங்க மாமியாரும் மருமவளும் இல்லியா?"

"இல்லம்மா."

"அங்கயாவது இவ திரும்பக் கெடைப்பான்னு நெனச்சேனே," என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "இவ மலைக்குப் போய்ட்டா எனக்கு யாரு இருக்கா?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் மகனுக்காகப் பேசவில்லை, தனக்காகப் பேசியிருக்கிறாள். கல்யாணப் பேச்சு எடுத்த நாளிலிருந்து நான் இதை ஒருமுறையாவது நினைத்தேனா? வெட்கமாக இருந்தது.

எழுந்து அவள் கையைப் பிடித்தேன். "நீ இல்லாம நா போறதா இல்ல அத்த," என்றேன். கேட்காமலே சொல்லிவிட்டோமே என்று ராசுவைப் பார்த்தேன்.

"கூட்டிக்கினு வா, நம்ம வூடுதானே," என்றார் அவர்.

"அங்க மலையில குளுரு ஜாஸ்தியாமே?" என்று அவரைக் கேட்டாள் மாமியார்.

"கம்பளி இருக்குதுங்க."

மாமியார் மூக்கைச் சிந்திவிட்டு உபதேசியாரைப் பார்த்தாள். "தடை இல்ல. ஆனா ஒன்னு. இவளுக்கு அப்பன் ஆயி இல்ல. கல்யாணத்துல கையப் புடிச்சிக் குடுக்க ஆம்பளதான் வரணுமா, நா குடுக்கலாமா?"

உபதேசியார் மறுபடி வேதத்தைத் திறக்கப் போனார். பிறகு திறக்காமலே வைத்துவிட்டார்.

"நீங்களே குடுங்கம்மா," என்றார்.