அம்பயரின் அம்மா

முதலாளி ஜெயபாண்டி நாற்பத்தேழு ரன்னில் நின்றார். சூலக்கரைக்கு அப்பால் இருந்த மைதானத்தின் ஓரத்தில், பட்டாசுக் கம்பெனி ஆட்களுக்காகப் போட்டிருந்த பந்தலில் சண்முகத்தாய் உட்கார்ந்திருந்தாள். விஸ்வநத்தத்திலிருந்து வேனில் வந்த நாற்பது பேரும் முதலாளி ஐம்பது அடிப்பதற்காகக் காத்திருந்தார்கள். அவள் கண் மட்டும் பந்து வீசும் பக்கத்தில், ஸ்டம்புக்குப் பின்னால் வெள்ளைத் தொப்பியோடு நின்றவள் மேல் இருந்தது. அது அவள் மகள் இசைவாணி. மாவட்ட அம்பயர் தேர்வில் தேறிய பிறகு அவள் நிற்கும் முதல் இறுதிப் போட்டி.

சண்முகத்தாய் டெஸ்ட் மேட்ச் மட்டும்தான் பார்ப்பாள். கம்பெனி வேன் வருமுன் சோறு வடித்தாக வேண்டும் என்று விடியுமுன் எழுந்த ஒரு மார்கழியில், மகள் போட்டுவைத்த டிவியில் அவளுக்கு ஆஸ்திரேலியா கிடைத்தது. இங்கே இருட்டாக இருந்தது. அங்கே வெயில் அடித்தது. வெள்ளை உடுப்பில் ஒருவன் வெகுநேரமாக ஒரு ரன்னும் எடுக்காமல் நின்றுகொண்டிருந்தான். யாரும் அவனைக் குறை சொல்லவில்லை, கைதட்டினார்கள். நாள் முழுக்கத் திரி வைத்து, எத்தனை பெட்டி ஆச்சு என்று மட்டுமே கேட்கப்பட்டுப் பழகியவளுக்கு அது நம்ப முடியாததாக இருந்தது. உலை பொங்கி வழிந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. அதைவிட அவளை மலைக்க வைத்தவர்கள் அம்பயர்கள். பதினொரு பேர் பாய்ந்து வந்து கத்தினாலும் ஒரு மனிதர் அசையாமல் நின்று யோசித்தார். பந்து போகும் வழியை வரைந்து பார்த்த கம்ப்யூட்டரே சில சமயம், உறுதியாகச் சொல்ல முடியாது, அம்பயர் சொன்னதே இருக்கட்டும் என்று ஒதுங்கிக்கொண்டது. இதை அவள் கம்பெனியில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறாள்.

ஜெயபாண்டியிடமும் பேசுவாள். அவருக்கும் கிரிக்கெட் பைத்தியம். டெஸ்ட் ஆடும் நாடுகளை இரண்டு பிரிவாக்கலாம் என்ற பேச்சு அடிபட்டபோது கம்பெனி வாசலில் அவர்தான் ஆரம்பித்தார்.

"காசு கொண்டாரது மூணு நாடுதானேக்கா. அவங்க சொல்றதுதானே நடக்கும்."

"கொண்டாரட்டும் மொதலாளி. அதுக்காக அவுகளுக்கு மொதப் பந்தி, வெஸ்ட் இண்டீசுக்கும் வங்காளதேசத்துக்கும் ரெண்டாம் பந்தியா? எங்கய்யா காலத்துல எங்கள அப்படித்தான் உக்கார வச்சாக. சோறு இருக்கும், கொளம்பு இருக்காது."

அவள் அய்யா கூலிக்குப் போனது ஜெயபாண்டியின் தாத்தா காட்டுக்குத்தான். ஜெயபாண்டி சிரித்துவிட்டு உள்ளே போனார்.

இந்த இறுதிப் போட்டிக்கு இசைவாணியைப் போட்டிருப்பது தெரிந்ததும் சண்முகத்தாய் தடுத்துப் பார்த்தாள். மேட்ச்சில் சம்பந்தமில்லாதவர்தான் அம்பயராக நிற்க வேண்டும் என்பது அவள் கட்சி.

"எங்க கம்பெனி ஆடுற மேட்ச்சு வேண்டாம்டி. என்ன குடுத்தாலும் பேச்சு வரும்."

"எதுத்து ஆடுற அச்சாபீஸ் டீம்லயே சரின்னுட்டாங்கம்மா. கம்பெனியில வேலை பாக்குறது நீதான், நானில்ல."

கம்பெனி ஜெயிக்க இன்னும் பதினொரு ரன் வேண்டும். அச்சாபீஸ் ஆள் ஓடிவந்து வீசிய பந்து தாழ்ந்து வந்து ஜெயபாண்டியின் காலில் பட்டது. பதினொரு பேரும் கத்தினார்கள். இசைவாணி அசையவில்லை. பந்தலின் பக்கம் திரும்பவில்லை. சண்முகத்தாய்க்குத் திங்கட்கிழமை வரும் கம்பெனி வேன் ஞாபகம் வந்தது, எதற்கென்று தெரியாமல். மகளின் வலது கை மெதுவாக மேலே போனது. ஒரு விரல். அவுட்.

ஜெயபாண்டி நகரவில்லை. பந்து முதலில் மட்டையில் பட்டதென்று அதன் ஓரத்தைத் தட்டிக் காட்டினார். இங்கே கேமரா இல்லை, திருப்பிக் கேட்க மூன்றாவது அம்பயரும் இல்லை. அந்த விரல் நின்ற இடத்திலேயே நின்றது. நடுக்கம் இல்லை, கோபமும் இல்லை. தான் பெற்ற பிள்ளைதானா என்றிருந்தது சண்முகத்தாய்க்கு.

பக்கத்தில் இருந்த பாண்டிமீனா, கூட வேலை பார்ப்பவள், காதோரம் கேட்டாள். "நாளைக்கு ஒன்னைய உள்ள விடுவாகளா?"

ஜெயபாண்டி ஒருவழியாக நடந்து வந்தார். சண்முகத்தாய்க்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்து காலில் கட்டியிருந்த காப்பை அவிழ்க்கத் தொடங்கினார்.

"பேட்ல பட்டுச்சுக்கா. கையில தெரிஞ்சது எனக்கு."

அவளுக்குப் பொய் சொல்ல வரவில்லை. "எனக்கும் ரெண்டு சத்தம் கேட்ட மாரிதான் இருந்துச்சு மொதலாளி. காலு மொதல்லயா, பேட்டு மொதல்லயான்னு அங்கன நின்னவளுக்குத்தான் தெரியும்."

அவர் வாரை இழுத்தபடியே மைதானத்தைப் பார்த்தார்.

"ஒங்க பக்கம் ஒரு வாட்டிகூடத் திரும்பல, பாத்தீகளா."

அது குறையா, மெச்சலா என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

புதிதாக இறங்கியவன் ஸ்டம்புக்கு முன்னால் மட்டையை ஊன்றி, இடம் சரிபார்த்துக்கொண்டிருந்தான். பந்தை வைத்திருந்தவன் தூரத்தில் ஓடிவரத் தயாராக நின்றான். மட்டைக்காரன் தயாராகும்வரை பொறு என்று இசைவாணி ஒரு கையைப் பக்கவாட்டில் நீட்டி அவனை நிறுத்தினாள். புழுதிக்காற்று ஒன்று ஆடுகளத்தைக் கடந்து போனது. மைதானத்தில் ஆடும் பதிமூன்று ஆண்கள், பந்தலில் கம்பெனி முழுவதும், அவிழ்த்த காப்பு கையிலிருக்க முதலாளி, எல்லோரும் நீண்டிருந்த அந்த ஒல்லிக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது இன்னும் இறங்கவில்லை.