மாமா வாங்கி வந்த மானிட்டர்

எங்கள் வீட்டுக்கு லேப்டாப் வந்த அன்று அதிகம் துள்ளியது நான்தான். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், பிறகு யாரும் குத்திக்காட்ட வேண்டாம்.

என் வேலை மெடிக்கல் கோடிங். அமெரிக்காவில் ஒருவருக்கு முழங்கால் வலித்தால், அங்கே டாக்டர் எழுதிய குறிப்பை எங்கள் ஊரான உதியன்குளங்கரையில் உட்கார்ந்து நான் படித்து, அந்த வலிக்கு உரிய எண்ணைப் போட வேண்டும். இடது காலுக்கு ஒரு எண், வலது காலுக்கு வேறு எண். கொரோனா சமயத்தில் திருவனந்தபுரத்திலிருந்து கம்பெனி வண்டியில் ஒரு டெஸ்க்டாப் வந்து இறங்கியது. மானிட்டர், சிபியு, கீபோர்டு, கரண்ட் போனால் கீச்சுகீச்சென்று கத்தும் யுபிஎஸ் என்று எல்லாமாகச் சேர்ந்து முன்னறையில் பாதியைப் பிடித்துக்கொண்டன.

அப்போது எனக்குக் கல்யாணமாகி ஆறு மாதம்தான். புகுந்த வீட்டில் பாதி அறையைப் பிடித்துக்கொண்ட மருமகளை என்ன சொல்வார்களோ என்று பயந்து கிடந்தேன். மாமனார் செல்லையன் அந்த மேசையைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, “இது ஆபீஸாக்கும்” என்றார். அவ்வளவுதான், அது ஆபீஸ் ஆகிவிட்டது.

மாமா ஆபீஸ் தெரிந்த மனிதர். முப்பது வருஷம் ஒரு சர்க்கார் ஆபீஸில் பியூனாக இருந்தவர். ஆபீஸர் அறை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, உள்ளே யாரை விடலாம், யாரை வெளியே நிறுத்தலாம் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாராம். நான் டெஸ்க்டாப் முன்னால் உட்கார்ந்ததும் அவர் குரல் தானாக இறங்கிவிடும். சர்ச் சபையிலிருந்து யாராவது வந்தால், “பைய பேசணும். மருமவ ஆபீஸ்ல இருக்கா” என்பார். மாமி புஷ்பபாய்கூட மிக்ஸியைப் போடும் முன் எட்டிப் பார்த்து, போடட்டுமா என்று சைகையில் கேட்பார். பிறந்த வீட்டில் மூன்று தம்பிகளின் கூச்சலுக்கு நடுவே கட்டிலில் குந்திப் பரீட்சைக்குப் படித்தவள் நான். எனக்கென்று ஒரு மேசை, அதற்கு இவ்வளவு மரியாதை! சில நாள் காலையில் நாற்காலியை இழுத்துப் போடும்போதே கர்த்தருக்கு ஒரு ஸ்தோத்திரம் சொல்லிக்கொள்வேன்.

அந்த மரியாதை எனக்கு வந்ததல்ல, டெஸ்க்டாப்புக்கு வந்தது என்பது பிறகுதான் புரிந்தது.

இந்த வருஷம் மே மாதம் கம்பெனி வண்டி மறுபடி வந்தது. பழையதை எல்லாம் ஏற்றிக்கொண்டு, என் கையில் ஒரு பையைக் கொடுத்துவிட்டுப் போனது. உள்ளே லேப்டாப். என் வீட்டுக்காரர் அகில் ஜேசிபி ஓட்டுகிறவர். “இனி டெஸ்க்டாப்பெல்லாம் தீந்தாச்சு. உலகமே மடியில வச்சாக்கும் வேலை செய்யுது” என்று அறிவித்துவிட்டு, காலியான மேசையைத் தூக்கிப் பின்பக்கம் போட்டார். மாமி அதன்மேல் பலாப்பழங்களை, எங்கள் பேச்சில் சக்கைகளை, அடுக்கினார். மாமா மட்டும் லேப்டாப்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“மக்கா, உன்னத் தாழ்த்தி விட்டாச்சா?”

“இல்ல மாமா, இது புதுசு. விலையும் கூடுதல்.”

“இத்திப்போலச் சின்னதா இருக்கு” என்றார், என்னைத் தேற்றுகிற குரலில்.

நான் சிரித்தேன். ஒரு வாரம்தான் அந்தச் சிரிப்பு. கட்டிலில் தலையணையை வைத்து உட்கார்ந்தேன், சாப்பாட்டு மேசைக்குப் போனேன், வராந்தாவுக்கு வந்தேன். எங்கே உட்கார்ந்தாலும் நான் சும்மா இருக்கிறவளாகவே தெரிந்தேன்.

“லிஜி மக்கா, சும்மாதானே இருக்க? இந்தச் சக்கய ஒண்ணு அரிஞ்சு தா” என்பார் மாமி.

“வேலையில இருக்கேன் மாமி.”

“அத மடக்கி வச்சிட்டு வா பிள்ளே. மடக்க ஒக்கும்லா?”

மாமியைக் குறை சொல்ல மாட்டேன். மடக்கி வைக்கக்கூடிய ஒன்றை வேலை என்று அவரால் நம்ப முடியவில்லை. பக்கத்து வீட்டு விலாசினி அக்கா கட்டில் ஓரத்திலேயே வந்து உட்கார்ந்து, மகளுக்கு நர்ஸ் வேலை விசா தள்ளிப்போகிற கதையை முழுசாகச் சொல்லிவிட்டுத்தான் எழுந்திருப்பார். நான் சக்கைப் பசை ஒட்டிய விரல்களோடு திரும்பி வந்து, அமெரிக்காக்காரரின் இடது முழங்காலை வலது முழங்காலாக ஆக்கினேன். ஒருவர் இல்லை, அந்த வாரம் நாலு பேர்.

நூற்றுக்குத் தொண்ணூற்றேழு சரியாகப் போட்டுக்கொண்டிருந்தவள் தொண்ணூற்றொன்றுக்கு இறங்கினேன். எங்கள் டீம் லீடர் அமிர்தா நல்ல பெண். அவள் போனில் கூப்பிட்டபோதே குரல் சரியில்லை.

“லிஜி, அடுத்த மாசக் கடைசிக்குள்ள தொண்ணூத்தஞ்சு வரல்லேங்கில் எனக்கு ஒண்ணும் செய்ய ஒக்காது. வீட்டுக்கு அனுப்புத லிஸ்டில உன் பேரு போவும்.”

ஏற்கெனவே வீட்டில் இருக்கிறவளை எப்படி வீட்டுக்கு அனுப்புவார்கள் என்று கேட்கத் தோன்றியது. போனை வைத்தேன். அந்த நேரம் பார்த்து மாமி, “தேங்கா திருவணும் பிள்ளே” என்று குரல் கொடுத்தார்.

எனக்கு வந்ததே கோபம்! அடுக்களை வாசலில் போய் நின்று, “மாமி, எனக்க வேலை போகப்போவுது. கம்ப்யூட்டர் இருக்கும்போ நான் ஆபீஸ்ல இருந்தேன். இப்போ நான் சக்க அரியுத ஆளு, தேங்கா திருவுத ஆளு” என்று கத்திவிட்டு, நின்ற இடத்திலேயே அழுதேன்.

மாமி தேங்காய் திருவும் திருவலக்குற்றியிலிருந்து எழுந்துவிட்டார். “அய்யோ பிள்ளே, காதில ஹெட்போன் மாட்டியிருந்தியே, நீ பாட்டு கேக்குதேன்னாக்கும் நான் நெனச்சேன்” என்றார். அவர் கண்ணிலும் தண்ணீர். மாமா நடையில் நின்று எல்லாம் கேட்டிருக்கிறார். குடையை எடுத்துக்கொண்டு, மத்தியானச் சோறுகூட உண்ணாமல் இறங்கிப் போய்விட்டார்.

நாலு மணிக்கு வாசலில் எங்கள் தெரு ஆட்டோக்காரர் பொன்னப்பனின் ஆட்டோ வந்து நின்றது. மாமாவும் பொன்னப்பனும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து எதையோ இறக்கினார்கள். அது ஒரு மானிட்டர். பழைய காலத்து டி.வி. மாதிரி முதுகு தள்ளி, வெள்ளை மஞ்சளாகிப்போன மானிட்டர். பக்கத்து ஊரான அமரவிளையில் பழைய சாமான் வாங்கிப் போடும் ஆக்ரிக்கடையிலிருந்து எடுத்து வந்திருக்கிறார்.

பிறகு மாமா பின்பக்கம் போய்ச் சக்கைகளை இறக்கினார். மேசையில் ஒட்டியிருந்த பசையைத் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்தார். பொன்னப்பனும் அவருமாக மேசையைப் பழைய இடத்திலேயே போட்டு, மானிட்டரை நடுவில் ஏற்றி வைத்தார்கள். பின்னால் எட்டிப் பார்த்தேன். வயர் வேரோடு அறுந்திருந்தது.

“மாமா, இது ஓடாது.”

“ஓடண்டாம் மக்கா.” மூச்சு வாங்கியபடி ஸ்டூலில் உட்கார்ந்தார். “எங்க ஆபீஸில ஒருக்க ஆறு மாசம் ஆபீஸரே இல்ல. அப்பளும் அந்த மேசையில ஒருத்தனும் கைய வச்சதில்ல, கேட்டியா? ஆளுவளுக்கு மேசை காணணும். அதுக்க முன்னால நீ இருக்கதும் காணணும். அது போதும்.”

மறுநாள் ஒன்பது மணிக்கு மாமா மானிட்டரைத் துடைத்து வைத்திருந்தார். அதற்கு முன்னால் லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தபோது எனக்கே கூச்சமாக இருந்தது. பத்து மணிக்கு விலாசினி அக்கா வந்தார். வாசலில் கால் வைத்தவர், மானிட்டரின் முதுகைப் பார்த்ததும், “ஆபீஸா?” என்று மெதுவாகக் கேட்டுவிட்டு, செருப்புச் சத்தம் கேட்காமல் அடுக்களைப் பக்கம் சுற்றிப் போனார். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

மாமிக்கு அது செத்த மானிட்டர் என்று நன்றாகத் தெரியும். உள்ளே இருந்த பல்லி முட்டையைத் தட்டி எடுத்ததே அவர்தான். ஆனாலும் அவர் கூப்பிடவில்லை. ஏன் என்று சாப்பிடும்போது கேட்டேன். “அது செத்ததுன்னு எனக்கு அறியாம் பிள்ளே. ஆனா நீ அதுக்க முன்னால இருக்கும்போ கூப்பிட நாக்கு பொங்கமாட்டேங்குது” என்றார்.

லேப்டாப்பைப் பழித்தால் நான் நன்றி கெட்டவள். ஜூன் மழையில் ஒரு நாள் மூன்று மணி நேரம் கரண்ட் இல்லை. பழைய யுபிஎஸ் என்றால் பத்து நிமிஷம் கத்தி அடங்கியிருக்கும். லேப்டாப் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருந்தது, நானும் எண்களைப் போட்டுக்கொண்டே இருந்தேன். இடது முழங்கால்கள் எல்லாம் இடது பக்கமே நின்றன. டெஸ்க்டாப் ஒழிந்துபோகுமா என்று என்னைக் கேட்டால், வேலையைப் பொறுத்தமட்டில் ஒழிந்துவிட்டது. எங்கள் வீட்டில் அது விட்டுப்போன இடம் மட்டும் காலியாகவே கிடந்தது. அந்த இடத்தில் உட்காரத்தான் மாமா இதைக் கொண்டுவந்தார்.

மாதக் கடைசி நாள், ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால், அமிர்தா கூப்பிட்டாள்.

“தொண்ணூத்தாறரை! பேரு லிஸ்டில இல்ல. பின்ன, வீட்டில வச்சு வேலை செய்யுதவங்களுக்குத் தனியா மானிட்டர் தரப்போறாங்க. உனக்கு எழுதட்டா?”

நான் வாசலைப் பார்த்தேன். மாமா அங்கே ஸ்டூலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பக்கத்தைத் திருப்புகிற சத்தம் எனக்குக் கேட்டுவிடக் கூடாது என்று பேப்பரை மெல்ல மெல்லத் திருப்பினார்.

“வேண்டாம். எனக்கு ஒண்ணு உண்டு.”

“உண்டா? எத்தன இஞ்சு?”

முன்னால் இருந்த மானிட்டரைப் பார்த்தேன். “பெருசாக்கும்” என்று மட்டும் சொன்னேன்.

ஆறு மணி அடித்ததும் மாமா வழக்கம்போல மானிட்டரை மூடுகிற துணியோடு உள்ளே வந்தார். ஒரு மாதமாக அவர் எதையும் கேட்டதில்லை, அன்று கேட்டார்.

“வேலை நெலைக்குமா மக்கா?”

“நெலைக்கும் மாமா. உங்களாலயாக்கும்.”

“அப்போ நாளைக்கும் ஒம்பதுக்குத் திறக்கணும்” என்று சொல்லி, துணியை நான்கு பக்கமும் இழுத்துவிட்டு மூடினார்.