தாக்கெட்டின் காலடியில் இருந்தவர்

தாக்கெட் சிலையை எடுப்பதா வேண்டாமா என்று அந்த ஊர் எட்டு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டது. லோர்னாவுக்கு இருந்த கவலை வேறு. தாக்கெட் நின்றால் என்ன, தொலைந்தால் என்ன? அவன் காலடியில் மண்டியிட்டு, ஒரு கையால் கிண்ணத்தில் தண்ணீர் நீட்டிக்கொண்டிருக்கிற வெண்கலக் கிழவர் அவளுடைய கொள்ளுத்தாத்தா. அந்த முகம் உலகத்தில் வேறெங்கும் கிடையாது. ஒரு புகைப்படம்கூட இல்லை.

ஆஸ்திரேலியாவின் வறண்ட அந்தச் சமவெளியில் வெள்ளைக்காரன் தாக்கெட் ஆடுகளோடு நாக்குத் தள்ளி வந்தபோது, ஊற்று இருக்கும் இடத்தைக் காட்டியவர் அவர். அப்போது சின்னப் பையன். ஆடுகள் வயிறு நிறையக் குடித்தன. அடுத்த மாதமே அந்த ஊற்றங்கரையில் வைத்து அவருடைய பூர்வகுடிச் சனத்தைச் சுட்டுத் தள்ளினான் தாக்கெட். ஐம்பது வருஷம் கழித்து அந்த மகானுக்கு ஊர் சிலை வைத்தது. சிட்னியிலிருந்து வந்த சிற்பி, கிழவராகிவிட்ட அவரைக் ஆட்டு ரோமம் கத்தரிக்கும் கொட்டகையில் மூன்று நாள் மண்டி போட வைத்து அச்சு எடுத்தான். கூலி ஒரு பை மாவும் கொஞ்சம் புகையிலையும். புருவத்துத் தழும்பு, வளைந்த சுண்டுவிரல் எல்லாம் அப்படியே வெண்கலத்தில் வந்தன. பலகையில் மட்டும் வெள்ளைக்காரர்கள் கூப்பிட்ட ‘ஜாக்கி’ என்ற பெயரைப் பொறித்தார்கள். நிஜப் பெயர் லோர்னாவுக்குத் தெரியும். நகர மன்றத்துக்கு அவள் சொல்லவில்லை, நானும் சொல்லப்போவதில்லை.

ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவள் தினமும் காலையில் சிலை இருந்த பூங்காவுக்குப் போவாள். கைக்குட்டையைக் குழாயில் நனைத்து, பறவை எச்சம் போக அவர் முகத்தைத் துடைத்துவிட்டு வருவாள். தாக்கெட் மேல் எவ்வளவு எச்சம் இருந்தாலும் தொடமாட்டாள்.

சிலைக்கு எதிராக மனு எழுதியவள் அவளுடைய அண்ணன் மகள் கெயிலீன். மண்டியிட்ட கறுப்பு உருவம் நம் மக்களை இழிவுபடுத்துகிறது, சிலையை அகற்றுங்கள் என்று எழுதியிருந்தாள். நானூறு கையெழுத்து. முதல் கையெழுத்து லோர்னாவுடையது. பெண் ஆசையாகக் கேட்டாளே என்று போட்டது.

ஆனால் நகர மன்றம் ஊரைக் கூட்டிக் கருத்துக் கேட்ட கூட்டத்தில் லோர்னா எழுந்து தன் மனசில் இருந்ததையே சொன்னாள்.

“அந்த ஆளை எடுத்துட்டுப் போங்க. எங்க தாத்தாவை விட்டுடுங்க.”

“அப்புறம் யாருக்குத் தண்ணி குடுப்பாராம்? காக்கட்டூ கிளிக்கா?” பின்வரிசையில் ஒருவன் கேட்டான். மண்டபமே சிரித்தது.

“குடுத்துட்டுப் போறாரு. உங்களுக்குக் குடுத்ததுக்கு அது எவ்வளவோ மேல்.”

வெளியே வந்ததும் கெயிலீன் பிடித்துக்கொண்டாள். “என்ன அத்தை, இப்படிக் கவுத்துட்டீங்க? அவர் மண்டி போட்டிருக்கறது நமக்கு அவமானம் இல்லையா?”

“மண்டி போட வச்சவனுக்குடி அவமானம். எனக்கு அவர் மூஞ்சி வேணும்.”

ஒரு மாதத்தில் முடிவு வந்தது. மேயர் கிளெனிஸ் பர்கிஸ், வெள்ளைக்காரி, தேன் ஒழுகப் பேசுகிறவள். லோர்னாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

“உங்க வலி எங்களுக்குப் புரியுது ஆன்ட்டி. மண்டி போட்ட உருவம்தான் இழிவுன்னு உங்க மனுவுலயே இருக்கு. அதை எடுத்துடறோம். தாக்கெட் ஊரோட சரித்திரம், அவர் இருக்கட்டும். ரெண்டு பக்கத்துக்கும் சந்தோஷம்.”

அடிப்பாவி! அதைச் சொல்லும்போது அவளுக்குக் கண் வேறு கலங்கியது. ஒன்பது உறுப்பினர்களும் ஆதரித்துக் கை தூக்கினார்கள்.

செவ்வாய்க்கிழமை கிரேன் வந்தது. கிண்ணமும் அதை வாங்கும் தாக்கெட்டின் விரல்களும் ஒரே வார்ப்பு, பிரிக்க வரவில்லை. மேஸ்திரி மேயருக்கு போன் போட்டான்.

“தாக்கெட் மேல ஒரு கீறல் விழக்கூடாது,” என்றாள் மேயர். “கிழவன் கையை மணிக்கட்டோட அறுத்துடு.”

அறுத்தார்கள். தூக்குவதற்குப் பட்டை மாட்ட, கழுத்தில்தான் பிடிப்புக் கிடைத்தது. உருவம் கழுத்தில் தொங்கியபடி மேலே போனது. தாக்கெட் பிழைத்தான் என்று ஒரு கூட்டம் கை தட்டியது, அவமானம் போனது என்று இன்னொரு கூட்டம். கெயிலீனும் தட்டிக்கொண்டிருந்தாள். கழுத்துப் பட்டையைப் பார்த்ததும் அவள் கை நின்றது.

“டேய், இறக்குங்கடா!” என்று அலறினாள்.

“ரெண்டே நிமிஷம் தங்கச்சி, முடிஞ்சிடும்,” என்றான் கிரேன்காரன்.

உருவத்தை ஏற்றிய லாரி தெருமுனையில் திரும்பும் வரை லோர்னா அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

இரண்டு வாரம் பொறுத்துவிட்டு மன்ற அலுவலகத்துக்குப் போனாள். தாத்தாவை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று கேட்டாள். குமாஸ்தா படிவத்தை நீட்டினான்.

“இறந்தவங்க உருவத்தைக் காட்டறது உங்க வழக்கப்படி தப்பாமே ஆன்ட்டி. உங்க மனசு புண்படக் கூடாதுன்னுதான் கிடங்குல மூடி வச்சிருக்கோம். சொந்தக்காரங்கன்னு நிரூபிச்சா மட்டும் பார்க்கலாம்.”

“என் வழக்கத்தை நீ எனக்குச் சொல்லித் தர்றியா?”

அவன் சங்கடப்பட்டு ஒரு கோப்பைப் புரட்டினான். தாக்கெட் தன் கையாலேயே எழுதிய பண்ணைப் பதிவேட்டின் நகல். ஜாக்கி. மனைவி இல்லை. வாரிசு இல்லை.

“அப்போ நான் யாரு தம்பி?”

“அதைப் படிவத்துல கேட்கலையே ஆன்ட்டி.”

அங்கிருந்து நேராகப் பூங்காவுக்கு நடந்தாள். தாக்கெட் நின்றுகொண்டிருந்தான். உடம்பில்லாத கறுத்த கை ஒன்று அவனுக்கு இன்னும் தண்ணீர் நீட்டிக்கொண்டிருந்தது. கிண்ணத்துக்குள் யாரோ பீர் கேனைச் சொருகியிருந்தார்கள். அவள் அதை எடுத்து எறிந்தாள். கைக்குட்டையை நனைத்து வந்து, தன்னுடையதைப் போலவே வளைந்திருந்த சுண்டுவிரலிலிருந்து துடைக்க ஆரம்பித்தாள்.

புல் வெட்டிக்கொண்டிருந்த ஆள் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கத்தினான்.

“ஆன்ட்டி, தொடாதீங்க! அது தாக்கெட் சிலையோட பாகம். நாளைக்குச் சுத்தி வேலி போடறாங்க.”

லோர்னா கைக்குட்டையைப் பிழிந்துகொண்டாள். இன்னும் கட்டைவிரல் பாக்கி இருந்தது.