உரிமையாளர் என்ற கட்டம்

பத்தொன்பது வருடம் அடுத்தவன் லாரியை ஓட்டியவருக்குச் சொந்த லாரி வந்தால் நிம்மதி வரும் என்று யார் சொன்னார்களோ, அவர்கள் ‘மிரர்’ என்கிற இவரைப் பார்த்ததில்லை. நடக்கும்போதுகூட இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்ப்பதால் கம்பெனி டிரைவர்கள் வைத்த பெயர் அது. லாரி வாங்கிய நாளிலிருந்து முதுகுக்குப் பின்னால் யாரோ ஏதோ செய்துகொண்டே இருப்பதாக அவருக்குத் தோன்றியது.

வெளி மாநிலத்தில் ஓடிய செகண்ட் ஹேண்ட் ட்ரெய்லர் லாரி. பழைய நம்பரைக் கழற்றியாகிவிட்டது. இன்று ஒரு மணிக்குள் பதிவு முடிந்து புது நம்பர் பிளேட் மாட்டினால், நாளைக் காலை துறைமுகத்தில் முதல் லோடு. மாட்டாவிட்டால் அந்த முறை வரிசையில் அடுத்தவனுக்குப் போய்விடும். மிரர் மறுபடியும் பழைய முதலாளியிடம் சாவிக்காகக் கை நீட்ட வேண்டியதுதான்.

பதிவு அலுவலக மைதானத்தில் இன்ஸ்பெக்டர் வண்டிச் சட்டத்தில் பொறித்திருந்த சேஸிஸ் நம்பர் மேல் தாளை வைத்து பென்சிலால் தேய்த்து அச்சு எடுத்தார். மிரர் அவர் தோள் மேலேயே குனிந்தார்.

"சார், அது மூணா எட்டா?"

"நீங்க நகர்ந்தா வெளிச்சம் வரும். வந்தா சொல்றேன்."

மூன்றுதான். ஆனாலும் மிரர் இரண்டு முறை சரிபார்த்தார். கடைசியில் இன்ஸ்பெக்டர், பின்பக்க நம்பர் பிளேட் விளக்கு எரியவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். மச்சினன் உடனே ஒயரும் கையுமாக லாரிக்கு அடியில் புகுந்தான்.

மனைவியின் தம்பி அவன், வண்டி எலக்ட்ரீஷியன். இந்த லாரியைத் தேடிப் பிடித்துக் கொடுத்ததும் அவன்தான். அதுதான் மிரருக்கு உறுத்தல். இவனுக்கு எதற்கு இவ்வளவு அக்கறை? போன் வந்தால் தள்ளிப் போய்ப் பேசுகிறான். முந்தாநாள் பழைய முதலாளியின் ஷெட்டிலிருந்து வெளியே வந்ததை மிரர் கண்ணாலேயே பார்த்தார். கேட்டதற்கு, "சும்மாதான் மாமா" என்றான். சும்மா போய்விட்டு வருகிற இடமா அது? அதனால்தான் மிரர் காலையில் லாரி கேபின் கதவைப் பூட்டிக்கொண்டு, ஃபாரத்தைத் தன் கையாலேயே நிரப்பி, உறையில் போட்டு ஒட்டி, கவுண்டரில் கொடுத்திருந்தார். மச்சினன் ஒருமுறை பார்த்துத் தருகிறேன் என்றதற்கு, "எனக்கு எழுத்துக் கூட்டத் தெரியும்" என்று வெடுக்கென்று சொல்லியிருந்தார்.

கவுண்டரில் கூப்பிட்டார்கள்.

"வண்டி ஓனரைக் கூட்டிட்டு வாங்க" என்றாள் கிளார்க் அம்மா.

"நான்தாங்க ஓனர்."

"அப்படியா? இங்க வேற பேர் இருக்கே." அவள் கம்ப்யூட்டர் திரையைத் திருப்பிக் காட்டினாள். உரிமையாளர் என்ற இடத்தில் பழைய முதலாளியின் பெயர், இனிஷியலோடு.

மிரர் திரும்பி வெளியே ஓடினார். அவர் மைதானத்துக்கு எப்படி வந்தார் என்பதே அவருக்குத் தெரியாது.

"வெளிய வாடா! அக்கா வீட்டுச் சோத்தைத் தின்னுட்டு எங்கிட்டயே வேலையைக் காட்டிட்டியா? எவ்வளவு நாளாடா நடக்குது இந்தக் கூட்டு?"

வரிசையில் நின்ற டிரைவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். மச்சினன் வெளியே வந்து கிரீஸ் கையோடு நின்றான். அவனுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. புரிந்தபோது முகம் செத்துப்போனது.

"விபத்து இல்லாம ஓட்டினதா பழைய முதலாளி லெட்டர் குடுத்தாதான், புதுசா ஓனர் ஆனவங்களுக்கு இன்சூரன்ஸ் போடுவாங்களாம். நீங்க அந்த வாசலை மிதிக்க மாட்டேன்னு சொல்லிட்டீங்க. அதான் நான் மூணு நாள் போய் நின்னேன். லெட்டரை வாங்கி இன்சூரன்ஸ்லயும் குடுத்தாச்சு. உங்க ஃபாரத்தை நான் கண்ணாலயும் பார்க்கல." அவ்வளவுதான் சொன்னான். மறுபடி அடியில் போய்விட்டான்.

கதை விடுகிறான் என்று நினைத்துக்கொண்டே மிரர் கவுண்டருக்குத் திரும்பினார். "யாரோ உள்ள புகுந்து மாத்தியிருக்காங்க, நான் புகார் எழுதணும்" என்று குரலை உயர்த்தினார். கிளார்க் அம்மா காகிதக் கட்டிலிருந்து அந்த ஃபாரத்தை உருவி அவர் முன்னால் வைத்தாள்.

அவருடைய கையெழுத்து. உரிமையாளர் கட்டத்தில் முதலாளியின் பெயர், ஓட்டுநர் கட்டத்தில் அவர் பெயர். பத்தொன்பது வருடம் ஒவ்வொரு எடை மேடையிலும், ஒவ்வொரு லோடு ஆபீசிலும் கண்ணை மூடிக்கொண்டு நிரப்பிய அதே இரண்டு வரிகள். சந்தேகப்பட்டு வெளியே பார்த்துக்கொண்டே எழுதியதில் கை தன் பழக்கத்தில் ஓடியிருக்கிறது. மிரருக்கு வெட்கமாக இருந்தது. மச்சினன் பார்வையில் பட்டிருந்தால் போதும், அந்த நிமிடமே தப்பைப் பிடித்திருப்பான்.

"தினம் ஒருத்தர் இப்படி எழுதிட்டு வர்றாங்க" என்றாள் அவள், புது ஃபாரத்தை நீட்டியபடி. "திருத்தம்ங்கறதால, உங்களைத் தெரிஞ்சவங்க ஒருத்தர் சாட்சிக் கையெழுத்துப் போடணும். கால் மணி நேரம்தான் இருக்கு."

இந்த முறை ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். பிறகு மைதானத்தைப் பார்த்தார். அங்கே அவரைத் தெரிந்தவன் ஒருவன்தான்.

லாரிக்குப் பின்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவ்வளவு திட்டு வாங்கியும் வேலையை முடித்துவிட்டுத்தான் ஒயருக்கு டேப் சுற்றிக்கொண்டிருந்தான் மச்சினன். மிரர் மண்டியிட்டு உட்கார்ந்தார்.

"மாப்ள, தப்பு என்மேலதான். நானேதான் எழுதியிருக்கேன். கண்ணு மண்ணு தெரியாம பேசிட்டேன். மன்னிச்சிடுப்பா."

மச்சினன் டேப்பை இன்னொரு சுற்றுச் சுற்றினான். மிரர் ஃபாரத்தையும் பேனாவையும் அடியில் நீட்டினார். மச்சினன் கையைச் சட்டையில் துடைத்துவிட்டு வாங்கி, முழுவதையும் மேலிருந்து கீழ்வரை படித்தான். மல்லாந்து படுத்தபடியே கையெழுத்துப் போட்டான்.

"எல்லாம் சரியா இருக்கு" என்றான், முகத்தைத் திருப்பாமல். "கவுண்டரை மூடிடப்போறாங்க. போங்க, ஓனர் சார்."

பன்னிரண்டு வருடமாக மாமா என்று மட்டுமே கூப்பிட்ட வாய் அது. மிரர் ஃபாரத்தோடு எழுந்து, லாரிக்கு அடியில் தெரிந்த அந்தக் கால்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே கவுண்டருக்கு நடந்தார்.