இரண்டு ஹொனோராக்கள்

சசிகலாவுக்கு ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றிவிட்டால் சோறு இறங்காது. மாதாந்திரக் கர்ப்பப் பரிசோதனைக்கு வேலூர் போன இடத்தில், ஒரு பழைய கல்லறையில் அயர்லாந்துச் சிப்பாய் ஒருவனின் பெயரைப் படித்துவிட்டு வந்தாள். அவன் பிறந்த வீட்டில் யார் யார் இருந்திருப்பார்கள் என்று யோசித்து யோசித்தே ஆறு மாதத்தில் ஒரு நாவல் எழுதிவிட்டாள். வேலை என்னவோ புதூர்நாட்டு இ-சேவை மையத்தில், அடுத்தவர் பெயரையும் பிறந்த தேதியையும் கம்ப்யூட்டரில் ஏற்றுவதுதான்.

வயிற்றில் இப்போது எட்டு மாதம். இரண்டு வருஷத்துக்கு முன் மூத்த மகள் மூன்று வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். அன்றிலிருந்து அவள் பெயரை வீட்டில் யாரும் வாயில் எடுப்பதில்லை. பிறக்கப்போவது பெண்ணானால் குப்பம்மாள் என்று மாமியார் ராணியம்மாள் முடிவே கட்டிவிட்டார். குப்பை என்று நினைத்து எமன் தாண்டிப் போய்விடுவானாம். அந்தப் பேச்சை எடுத்தாலே சசிகலாவுக்கு எரிச்சலாக வந்தது. ஆனால் வேறு பெயர் ஒன்றும் அவளுக்குத் தோன்றவும் இல்லை. கதையில் வருகிற பதினோரு பேருக்கு மட்டும் ஷானன், எரின் என்று மளமளவென்று வைத்துத் தள்ளியிருந்தாள்.

அங்கேதான் நாவலைப் படித்த சென்னைப் பதிப்பாளர் தனசேகரன் பிடித்துக்கொண்டார்.

"இதெல்லாம் இந்தக் காலத்துப் பேருங்கம்மா. இருநூறு வருஷத்துக்கு முன்னாடி எந்தத் தாயும் பொண்ண ஷானன்னு கூப்பிட்டிருக்க மாட்டா. நெசமா இருந்த பேராப் பார்த்து மாத்துங்க" என்று போனில் சொல்லி, அயர்லாந்து மாதாகோயில் ஒன்றின் ஞானஸ்நானப் பதிவேட்டுப் படங்களை அனுப்பிவைத்தார்.

மையத்தில் கூட்டமில்லாத மத்தியானம். கோழி கிளறினாற்போல இருந்த கையெழுத்தை எழுத்துக் கூட்டிப் படித்து, பெயர்களைக் கம்ப்யூட்டரில் பட்டியலாக ஏற்றினாள். பேட்ரிக், பிரிட்ஜெட், மார்கரெட். சுற்றிச் சுற்றி அதே பத்துப் பதினைந்து பெயர்கள். அட, இவர்களும் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கிற ஆட்கள்தான் போலிருக்கிறது!

ஒரு குடும்பம் மட்டும் இடித்தது. அதே அப்பா, அதே அம்மா. 1819இல் ஹொனோரா, 1822இல் மறுபடி ஹொனோரா. ரேஷன் கார்டில் ஒரே பெயர் இரண்டு தரம் வந்தால் என்ன செய்வாளோ, அதையே செய்தாள். ஒன்றை நீக்கிவிட்டுத் தனசேகரனைக் கூப்பிட்டாள்.

"கோயில்ல எழுதுனவன் ரெண்டு வாட்டி எழுதிக்கிறான் சார். ஒண்ணத் தூக்கிட்டேன்."

"தூக்காதீங்கம்மா. மூத்தது எறந்திருக்கும். அந்தக் காலத்துல அங்க அடுத்த கொழந்தைக்கு அதே பேர வச்சிருவாங்க."

சசிகலா போனை வைத்தாள். தான் நீக்கியது செத்துப்போன ஒரு பெண்குழந்தையை. அந்தப் பெயரைத் திரும்பவும் தட்டினாள். பிறகு பக்கம் பக்கமாகத் தேடினாள். இன்னொரு வீட்டில் மூன்று ஜான். வேறொன்றில் இரண்டு மேரி. இவர்களுக்குப் பயமே இல்லையா? வாசலில் நின்று ஹொனோரா என்று கூப்பிட்டபோது அந்தத் தாய்க்கு எந்த முகம் நினைவுக்கு வந்திருக்கும்? ஒருநாளாவது இரண்டு பேரும் ஓடிவருவார்கள் என்று பார்த்திருப்பாளா?

சாயங்காலம் ஜீப்பில் அழைத்துப்போக வந்த கணவன் தமிழ்மணியிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவன் வண்டியைப் பலாமரத்தடியில் ஓரங்கட்டினான்.

"அப்போ நாமளும் வச்சிரலாமா, சசி?"

"இன்னாங்க?"

"தேன்மொழின்னு."

மகளின் பெயரை அவன் வாயால் கேட்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது. இவன் மறந்தே போய்விட்டான் என்றல்லவா இத்தனை நாள் மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தாள்! சரி என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. சொல்லிவிட்டால் தினமும் வாய் நிறையக் கூப்பிடலாம்.

"வேணாங்க" என்றாள். "அந்தம்மா வச்சா, அது அவ மனசு. நம்ம தேன்மொழி மூணு வருஷம் நம்மகூட இருந்தா. அது அவ பேரு. வர்றது அவ சட்டையப் போட்டுக்கட்டும், பேர எடுத்துக்க வேணாம்."

"அப்போ அம்மா சொல்றாப்ல குப்பம்மாளா?"

"எமன்கிட்டருந்து ஒளிச்சு வைக்கிற பேரும் வேணாம். மூஞ்சியப் பார்த்துட்டுச் சொல்றேன். அத்தைகிட்ட நானே பேசிக்கிறேன்."

தமிழ்மணி தலையாட்டினான். ஆனாலும் வண்டியை எடுக்கவில்லை.

"சட்டைலாம் இன்னும் கீதா?"

"கீது. அத்தைக்குத் தெரியாம டிரங்குப் பெட்டில வச்சிக்கிறேன்."

"அந்த மஞ்சா கவுனு?"

"அதுவும் கீது. நீங்க அவள காயாத பெயிண்ட் மேல உக்கார வச்சீங்களே, அந்தக் கறையோட."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். வீடு வந்து சேரும்வரை இருவரும் தேன்மொழியைப் பற்றியே பேசிக்கொண்டு போனார்கள்.